தலைநகரும் தலமும்

ஒரு நாட்டின் தலைநகர் வேறோர் ஊருக்கு மாறும்போது பழைய ஊரில் கோயில் கொண்டிருக்கும் தெய்வத்தின் நிலை என்ன என்று அரசியல் வரலாறு கேட்பதில்லை. சமய வரலாறு கேட்காமல் இருக்க முடியாது. தலைநகர் என்பது ஆள்பவர் இருக்கும் ஊர், ஆதலால் ஓர் ஆணையால் உண்டாகி மற்றோர் ஆணையால் இல்லாமற்போகக் கூடியது. நைஜீரியாவின் இராணுவ அரசு 1976இல் பிறப்பித்த ஆணையின் பயனாக 1991 டிசம்பரில் லாகோஸ் தன் தகுதியை அபுஜாவிடம் இழந்தது. தான்சானியா 1973இல் டார் எஸ் சலாமை விட்டு நாட்டின் நடுவிலுள்ள டொடோமாவுக்குப் போவதென முடிவெடுத்து, அம்முடிவை நிறைவேற்றப் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டது. புருண்டி 2019இல் புஜும்புராவை வணிக நகராக மட்டும் நிறுத்திவிட்டு, பழைய மன்னர்களின் இருக்கையான கிட்டேகாவை அரசியல் தலைநகராக்கியது. காலனி ஆட்சி தன் ஏற்றுமதிக்காகக் கடற்கரையில் அமைத்த துறைமுகத் தலைநகர்களை விட்டு உள்நாட்டுக்குப் போகவேண்டும் என்ற எண்ணமும், எந்த ஓர் இனத்தாருக்கும் சொந்தமாகாத பொது இடம் வேண்டும் என்ற எண்ணமும் இம்மாற்றங்களில் பலவற்றின் பின்னே இருந்தன. தமிழ்நாட்டின் தலைநகரும் அத்தகைய துறைமுக நகரே என்பதும், 1980களில் எம்.ஜி.ஆர். அதைத் திருச்சிக்கு மாற்ற எண்ணிக் கைவிட்டார் என்பதும் இங்கே நினைவுக்கு வரும்.

தலம் என்பது வேறு. இறைவன் ஒரு குறிப்பிட்ட இடத்தில் எழுந்தருளியிருக்கிறான் என்ற நம்பிக்கையே ஓர் ஊரைத் தலமாக்குகிறது. மூர்த்தி, தலம், தீர்த்தம் என்ற மூன்றும் கூடிய இடத்தையே மரபு சிறப்பித்துச் சொல்லும். எங்கும் நிறைந்தவன் என்று எல்லாச் சமயநூல்களும் ஒப்புக்கொள்ளும் ஒருவனுக்கு ஊர் என்று ஒன்று எதற்கு என்பது பழைய கேள்வி. அந்த ஊர் ஒரு காலத்தில் அரசனின் ஊராகவும் இருந்து, அரசன் போனபின் இறைவன் மட்டும் அங்கே தங்கிவிட்டான் என்றால், அவனை அங்கே நிறுத்துவது எது என்ற கேள்வியும் அதனோடு சேர்ந்துகொள்கிறது. இக்கேள்விக்குத் தலைநகர்களில் இருந்தவர்களைவிட, தலைநகருக்கு ஒருநாள் இருநாள் நடைத் தொலைவில் இருந்த சிற்றூர்க்காரர்களே தெளிவாக விடை சொல்லியிருக்கிறார்கள் என்பது தொண்டை நாட்டுச் செய்திகளை அடுக்கிப் பார்க்கும்போது புலப்படும்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோயிலுக்குப் போகும் நெடுஞ்சாலையில் ஒரகடத்துக்கு அருகே உள்ள வல்லக்கோட்டை அத்தகைய சிற்றூர்களில் ஒன்று. ஏழடி உயரத்தில் வள்ளி தெய்வானையுடன் நிற்கும் முருகன் இங்கே மூலவர், பாதிரி தலமரம், இந்திரன் தன் வச்சிரப்படையால் தரையைப் பிளந்து உண்டாக்கியதாகச் சொல்லப்படும் வச்சிர தீர்த்தம் குளம். இவ்வூர்த் தலபுராணம், அதாவது கோயிலின் பெருமையைச் சொல்லும் பழங்கதை, ஒரு தலைநகரின் இழப்பில் தொடங்குகிறது. இலஞ்சியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட பகீரதன் என்னும் மன்னன், தன்னைக் காண வந்த நாரதரை மதிக்காமல் இருந்துவிட, அவர் கோரன் என்னும் அசுரனை அவன்மேல் ஏவிவிடுகிறார். நாடும் நகரும் பறிபோய்க் காட்டுக்கு ஓடிய மன்னன் தன் பிழையை உணர்ந்து நாரதரிடமே வழி கேட்க, அவர் துர்வாசரிடம் அனுப்ப, துர்வாசர் பாதிரி மரத்தடியில் இருந்த முருகனை வெள்ளிக்கிழமைதோறும் வழிபடச் சொல்கிறார். மன்னன் அவ்வாறே செய்து இழந்ததைத் திரும்பப் பெறுகிறான். இன்றும் வேலை இழந்தவர்களும் சொத்து வழக்கில் தோற்றவர்களும் வெள்ளிக்கிழமைகளில் இக்கோயிலுக்கு வருவதற்கு இக்கதையே அடிப்படை.

கதையில் கவனிக்கத்தக்கது, முருகன் மன்னனின் தலைநகருக்குப் போகவில்லை என்பது. தலைநகரை மீட்டுக் கொடுத்தவனுக்கு அத்தலைநகரில் ஒரு பெருங்கோயில் எழுந்ததாகக் கதை சொல்வதில்லை. மன்னன் இலஞ்சிக்குத் திரும்புகிறான், தெய்வம் பாதிரி மரத்தடியிலேயே இருந்துவிடுகிறது. ஊரின் பெயரும் வென்றவர் எவருடையதுமன்று. வல்லன் என்ற அசுரன் முருகனால் அழிக்கப்படும்போது தன் பெயர் இவ்வூருக்கு நிலைக்கவேண்டும் என்று வேண்டிப் பெற்றான் என்பது மரபு. கோட்டை போய்விட்டது, கோட்டைக்காரனின் பெயர் இருக்கிறது, அதுவும் அவனைக் கொன்றவனின் அருளால் இருக்கிறது.

வரலாற்றில் மன்னர்கள் தம் தெய்வத்தை இப்படி மரத்தடியில் விட்டுவைக்க விரும்பியதில்லை. சோழர்களின் இருக்கை உறையூர், பழையாறை, தஞ்சாவூர் என்று காவிரி வடிநிலத்துக்குள்ளேயே இடம்மாறி வந்தபின், முதலாம் இராசேந்திரன் ஏறத்தாழ 1025இல் அதைக் கொள்ளிடத்துக்கு வடக்கே புதிதாக அமைத்த கங்கைகொண்ட சோழபுரத்துக்குக் கொண்டுபோனான். தந்தை இராசராசன் தஞ்சையில் எழுப்பிய பெரிய கோயிலின் குடமுழுக்கு நடந்து பதினைந்து ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில் இம்மாற்றம் நிகழ்ந்தது. வடக்கே விரிந்துவிட்ட பேரரசுக்கு வடக்கு நோக்கிய தலைநகர் வேண்டியிருந்தது, சாளுக்கியருடனான போர்முனைக்கும் தொண்டை மண்டலத்துக்கும் அருகில் இருக்கவேண்டியிருந்தது என்று ஆய்வாளர்கள் காரணம் சொல்வர். ஆனால் இராசேந்திரன் காரணங்களோடு நிறுத்தவில்லை. வடநாட்டுப் படையெடுப்பில் கங்கை நீரைக் குடங்களில் கொண்டுவரச் செய்து, புதிய நகரின் பேரேரியில் சேர்த்து அதற்குச் சோழகங்கம் என்று பெயரிட்டான். திருவாலங்காட்டுச் செப்பேடுகள் அந்த ஏரியை நீராலான வெற்றித்தூண் என்று வருணிக்கின்றன. தஞ்சைக் கோயிலைவிடச் சற்றே உயரம் குறைந்த, ஆனால் அதைவிட நளினமான வளைவுடைய விமானம், அதாவது கருவறைமேல் எழும் கோபுரம், ஏறத்தாழ 55 மீட்டர் உயரத்தில் அங்கே எழுந்தது. கங்கையையே இடம்மாற்றிக் கொண்டுவந்தவனுக்குச் சிவனை இடம்மாற்றிக் கொள்வது பெரிதாகத் தோன்றியிருக்காது.

அந்நகர் ஏறத்தாழ 250 ஆண்டுகள் தலைநகராக இருந்தது. 1279க்குப் பிறகு சோழ அரசு இல்லாமற்போக, அரண்மனை இருந்த இடம் மாளிகைமேடு என்ற மண்மேடானது. அகழாய்வில் செங்கற்சுவர்களும் கூரை ஓடுகளும் கிடைத்தன. கொள்ளிடத்தின் குறுக்கே 1836இல் கீழணை கட்டப்பட்டபோது கோயிலின் சுற்றுச்சுவர்க் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஊர் சிறுத்துப்போனது, கோயில் நின்றது, ஆனால் நீண்ட காலம் அது பெரும்பாலும் சிற்பம் காண வருவோரின் கோயிலாக நின்றது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். தஞ்சாவூரோ மீண்டும் நாயக்கர்களுக்கும் மராத்தியர்களுக்கும் தலைநகரானதால் கோயிலும் ஊரோடு வாழ்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் எரித்தபோது, பட்டினப்பாலை பாடிய புலவருக்குச் சோழன் பரிசளித்த பதினாறுகால் மண்டபத்தை மட்டும் இடிக்காமல் விட்டான் என்று திருவெள்ளறைக் கல்வெட்டு கூறுவதையும் இதனோடு வைத்துப் பார்க்கலாம். பகைவனின் அரண்மனையைத் தரைமட்டமாக்கியவனுக்கும் ஒரு புலவனுக்குக் கொடுத்ததன்மேல் கைவைக்க மனம் வரவில்லை.

இராசேந்திரனின் செயலுக்கு மிக அண்மையான இணை ஐவரி கோஸ்ட்டில் இருக்கிறது. அந்நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் ஃபெலிக்ஸ் ஊஃபுவே புவானி, 1983இல் தலைநகரை அபிஜானிலிருந்து தம் சொந்த ஊரான யாமூசுக்ரோவுக்கு மாற்றி, அங்கே வத்திக்கானின் புனித பேதுரு பேராலயத்தை நினைவூட்டும் மாபெரும் பேராலயம் ஒன்றைக் கட்டுவித்தார். 1990 செப்டம்பரில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அதை அர்ச்சித்தார். பேராலயம் வந்தது, தலைநகர் என்ற பெயரும் வந்தது. அமைச்சகங்களில் பெரும்பாலானவையும் தூதரகங்களும் அபிஜானிலேயே தங்கிவிட்டன. நகரம் வந்துசேர்வதற்கு முன்பே கடவுளை அனுப்பிவைத்தால் நகரம் பின்னால் வரும் என்ற நம்பிக்கை இராசேந்திரனுக்குப் பலித்தது, புவானிக்குப் பாதி பலித்தது.

எத்தியோப்பியா இதற்கு மறுதலையான செய்தியைத் தருகிறது. அந்நாட்டின் மிகப் பழைய தலைநகரான அக்சும், முதல் ஆயிரத்தாண்டின் முடிவுக்கு முன்பே அரசியல் தகுதியை இழந்தது. ஆனால் இறைக்கட்டளைப் பலகைகள் வைக்கப்பட்ட உடன்படிக்கைப் பேழை அங்குள்ள சீயோன் மரியாள் கோயிலில் இருக்கிறது என்ற நம்பிக்கையால், வேறு ஊர்களில் ஆண்ட பேரரசர்களிற் சிலர் முடிசூட்டிக்கொள்ள அங்கே வந்தார்கள். இடைக்காலத்தில் எத்தியோப்பிய மன்னர்களுக்கு நிலையான தலைநகரே இல்லாத நூற்றாண்டுகள் உண்டு. ஆயிரக்கணக்கானோர் தங்கிய கூடாரப் பாசறைதான் தலைநகர், சுற்றுப்புறத்தில் உணவும் விறகும் தீர்ந்ததும் அது நகர்ந்துவிடும். பேரரசர் இரண்டாம் மெனலிக் 1886இல் தொடங்கிய அடிஸ் அபாபாவும் விறகுத் தட்டுப்பாட்டால் கைவிடப்படும் நிலைக்கு வந்தது. மேற்கே அடிஸ் ஆலெம் என்னுமிடத்தில் புதிய தலைநகருக்கு அரண்மனை எழும்பிக்கொண்டிருந்தபோதே, விரைந்து வளரும் யூக்கலிப்டஸ் மரம் பழைய நகரைக் காப்பாற்றிவிட, தலைநகர் மாறவில்லை. தேவையற்றுப்போன அடிஸ் ஆலெம் அரண்மனையை மெனலிக் மரியாளுக்குக் கோயிலாக்கினார். அரசன் வராத அரண்மனைக்கு அதைவிடப் பொருத்தமான முடிவு கிடையாது.

இவையெல்லாம் மன்னர் பக்கத்திலிருந்து பார்க்கும் செய்திகள். காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களின் பார்வை வேறு. பல்லவர்களின் தலைநகராக இருந்த காஞ்சியில் இராசசிம்மன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கைலாசநாதர் கோயிலைப் பற்றி இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று கல்வெட்டுச் செய்தி: அடுத்த தலைமுறையில் காஞ்சியைக் கைப்பற்றிய சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், அக்கோயிலின் செல்வத்தைக் கொள்ளையிடாமல் இறைவனுக்கே திருப்பி அளித்ததைக் கன்னட மொழியில் அக்கோயிலிலேயே பொறித்துவைத்தான். தலைநகரை வென்றவன் தலத்தின்முன் தன்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

மற்றது பெரியபுராணச் செய்தி. காடவர் கோமானாகிய பல்லவன் தன் கற்கோயிலுக்குக் குடமுழுக்கு நாள் குறிக்க, முந்தைய இரவு சிவன் கனவில் தோன்றி, திருநின்றவூரில் பூசலார் என்ற அன்பர் கட்டிய கோயிலில் அன்று தான் புகுவதால் மன்னன் வேறு நாள் வைத்துக்கொள்ளவேண்டும் என்கிறான். மன்னன் திருநின்றவூருக்கு விரைந்து கோயிலைத் தேட, அங்கே கல்லும் இல்லை மரமும் இல்லை. கையில் பொருளற்ற பூசலார், அடித்தளம் முதல் சிகரம் வரை, மதிலும் குளமும் உட்பட, வேண்டிய பொருளையும் தச்சரையும் மனத்திலேயே சேர்த்துக் கட்டிமுடித்த கோயில் அது. மனக்கோயில் கற்கோயிலைவிட உயர்ந்தது என்ற பொருளிலேயே இக்கதை வழக்கமாக எடுத்தாளப்படுகிறது. அதற்கு மேலும் ஒன்று இதில் இருக்கிறது. இதைக் காவியத்தில் அமைத்த சேக்கிழார் ஸ்ரீபெரும்புதூருக்கு அண்டையிலுள்ள குன்றத்தூர்க்காரர். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கனிடம் அமைச்சராக இருந்தவர். கங்கைகொண்ட சோழபுரத்தின் அரசவையை நாள்தோறும் கண்ட ஒருவர், தலைநகரில் மன்னன் குறித்த நாளை ஒரு சிற்றூர்க்காரரின் நாளுக்காக இறைவன் தள்ளிவைத்தான் என்று எழுதினார் என்பது, ஓய்வாகப் பாடிய துறவி ஒருவர் எழுதியிருந்தால் கிடைக்காத எடையை அக்கதைக்குத் தருகிறது.

வைணவ மரபு இதைவிடத் துணிவாகச் சொல்கிறது. திருமழிசை ஆழ்வார் பிறந்த திருமழிசையும் காஞ்சிக்குக் கிழக்கே, இதே வட்டாரத்தில் உள்ள ஊர்தான். அவருடைய சீடர் கணிகண்ணன், பல்லவ மன்னனின் விருப்பத்துக்கு இணங்க மறுத்ததால் நாடுகடத்தப்படுகிறார். சீடன் போகும் ஊரில் தானும் இருப்பதாகச் சொல்லி ஆழ்வார் புறப்பட, காஞ்சியிலுள்ள திருவெஃகாவில் பள்ளிகொண்டிருந்த பெருமாளையும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வரச் சொல்கிறார். அவரும் எழுந்து பின்னே நடக்கிறார். தெய்வங்கள் அகன்ற நகரம் இருளடைந்ததைக் கண்ட மன்னன் ஓடிவந்து பணிந்தபின், சீடனும் ஆழ்வாரும் பெருமாளும் திரும்புகிறார்கள். சொன்னபடி எழுந்ததாலும் திரும்பிவந்து படுத்ததாலும் அப்பெருமாளுக்குச் சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்ற பெயர் வந்தது. அவர்கள் ஓர் இரவு தங்கிய இடம் ஓரிருக்கை என்று இன்றும் காஞ்சியை ஒட்டி இருக்கிறது. தலைநகரை மாற்றும் அதிகாரம் மன்னனுக்கு உரியது என்ற எண்ணத்தை இக்கதை கவிழ்த்துவிடுகிறது. மன்னன் அரண்மனையை விட்டு ஓரடியும் நகரவில்லை, ஆனாலும் காஞ்சி ஓர் இரவு தலைநகராக இல்லை. பாலாற்றங்கரையில் ஒரு படுக்கை விரிந்த இடம் தலைநகராயிற்று.

இக்கதைகளின் பின்னுள்ள கோட்பாட்டை வைணவ ஆசாரியர்கள் அர்ச்சாவதாரம் என்ற சொல்லால் குறித்தனர். கோயில்களிலும் வீடுகளிலும் வழிபடப்படும் திருவுருவத்தில் இறைவன் முழுமையாக இறங்கிவந்திருத்தல் என்பது அதன் பொருள். பரமபதத்தில் இருக்கும் நிலை, பாற்கடலில் வியூகமாக இருக்கும் நிலை, இராமன் கண்ணன் முதலான அவதார நிலை, உயிர்களுக்குள் உள்ளுறைந்திருக்கும் நிலை, அர்ச்சை என்று ஐந்து நிலைகளைச் சொல்லும் இம்மரபில், கடைசியாகிய அர்ச்சையே மிக எளியது. ஸ்ரீபெரும்புதூரில் 1017இல் பிறந்த இராமானுசர் இக்கோட்பாட்டைக் கோயில் ஒழுங்காகவே நடைமுறைப்படுத்தினார். இராசேந்திரன் தலைநகரை மாற்றியபோது சிறுவனாக இருந்த அவர், படித்தது காஞ்சியில், ஆசாரியராக அமர்ந்தது திருவரங்கத்தில், சோழ அரசின் நெருக்கடியால் ஒதுங்கியது மேல்கோட்டையில் என்று மரபு சொல்கிறது. புதிய தலைநகருக்கு அவர் வாழ்வில் இடமே இல்லை. அவர் வழியில் வந்த பிள்ளை உலகாசிரியர், அர்ச்சையில் இருக்கும் இறைவன் நீராடுவதற்கும் உண்பதற்கும் உறங்குவதற்கும் அடியார்களையே சார்ந்திருப்பவன் என்று தத்துவத்திரயத்தில் விளக்கினார். 1323இல் தில்லிப் படை திருவரங்கத்தை நெருங்கியபோது, அந்த முதியவரே நம்பெருமாள் என்னும் உற்சவரை எழுந்தருளச் செய்துகொண்டு தெற்கே புறப்பட்டு, மதுரைக்கு அருகே சோதிட்குடியில் உயிர்நீத்தார். எழுதியதைச் சுமந்துகாட்டவேண்டிய நிலை நூலாசிரியர் பலருக்கு நேர்வதில்லை. நம்பெருமாள் பல ஊர்களில் தங்கிச் செஞ்சி வழியாக 1371இல் திருவரங்கத்துக்குத் திரும்பினார்.

தென்னாட்டுக் கோயில்களில் மூலவர், உற்சவர் என்று இரு திருமேனிகள் இருப்பது இங்கே பொருள்பெறுகிறது. மூலவர் கருவறையில் நிலைநாட்டப்பட்ட கல்லுருவோ சுதையுருவோ, பெயர்க்கலாகாதவர். உற்சவர் விழாக்காலங்களில் வீதியுலா வருவதற்குரிய உலோக உருவம், பெயர்வதற்கென்றே உள்ளவர். இறைவன் ஓரிடத்தில் இருக்கிறானா எங்கும் வருவானா என்ற வாதத்தைக் கோயில் இவ்விரு உருவங்களாலும் அன்றாட நடைமுறையாக்கிக் கொண்டது. தலைநகருக்கு மூலவர் கிடையாது; முத்திரை, கருவூலம், கோப்பு, கொடி என்று அதன் உடைமைகள் எல்லாம் எடுத்துச் செல்லத்தக்கவை. செங்கற்பட்டு மாவட்டத்தின் கலெக்டர் கச்சேரி கருங்குழியிலும் சைதாப்பேட்டையிலும் இருந்துவிட்டு 1968இல் காஞ்சிபுரத்துக்கு வந்ததும், 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானதும் அவ்வாறு நேர்ந்தவையே. வல்லக்கோட்டை மக்கள் மனுவைக் கொண்டுபோகும் ஊர் மாறிக்கொண்டே வந்தது. பால்குடம் கொண்டுபோகும் இடம் மாறவில்லை. ஆலைகளும் அப்படித்தான்: ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை 2014 நவம்பரில் நின்றுபோனது, முடிவெடுத்த இடம் கடல்கடந்த ஒரு தலைமையகம்.

ஆயினும் மூலவர் நிலைத்திருப்பார், உற்சவர் போய் வருவார் என்று எளிதாக முடித்துவிட முடியாதபடி காஞ்சியின் பிற்கால வரலாறு ஒரு சிக்கலை வைத்திருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் படையெடுப்புகளுக்கு அஞ்சிக் காஞ்சியின் திருமேனிகள் உடையார்பாளையம் காட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. பாழ்பட்ட கங்கைகொண்ட சோழபுரம் அங்கிருந்து சிறிது தொலைவுதான். ஒரு பழைய தலைநகரின் தெய்வங்கள் இன்னொரு பழைய தலைநகரின் அருகே மறைந்திருந்தன. வரதராசப் பெருமாள் 1710இல் காஞ்சிக்குத் திரும்பினார். பொன்னாலான பங்காரு காமாட்சியோ திரும்பவில்லை. அவளைச் சுமந்து காத்த குடும்பத்தார் ஊர் ஊராக அலைந்து, மராத்திய மன்னர் காலத்தில் தஞ்சைக்கு வர, அங்கே மேல வீதியில் அவளுக்குக் கோயில் எழுந்தது. கருநாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரி அக்குடும்பத்தில் வந்து அவளுக்குப் பூசை செய்தவர்.

பங்காரு காமாட்சி அரசனின் பாதுகாப்புக்காக அப்போதைய தலைநகரில் தங்கினாள் என்று சொல்லலாம். ஆனால் 1855இல் தஞ்சை அரசு கும்பினியார் கைக்குப் போனபின்னும் அவள் தஞ்சையிலேயே இருந்தாள். அவளை அங்கே நிறுத்த எந்த மன்னனும் இல்லை, காஞ்சிக்குப் போகும் வழியில் பகைவரும் இல்லை. அவளை நிறுத்தியது பூசை செய்துவந்தவர்களின் வீடும் அவர்கள் பாடிய பாட்டும் என்றால், திருமழிசை ஆழ்வாரின் கதை சொல்வது சரியாகிறது, இறைவன் ஊரைச் சாராமல் அடியாரைச் சார்கிறான் என்றாகிறது. ஆனால் அப்போது மூலவரைப் பெயர்க்கலாகாது என்ற விதிக்குக் காரணம் வேறு தேடவேண்டும். காஞ்சியில் மூலவராகிய காமாட்சியின் முன்னுள்ள ஸ்ரீசக்கரத்துக்குப் பூசை நின்றதாக எவரும் சொல்வதில்லை. அவள் காஞ்சியை விட்டுப் போனாள் என்று தஞ்சையில் வழிபடுவோரும் சொல்வதில்லை.